கர்லாக்கட்டை

கர்லாக்கட்டை என்பது கையில் பிடித்துச் சுழற்றி உடற்பயிற்சி செய்யப் பயன்படும் மரக் கருவி ஆகும். ஒரு முனையில் மெல்லிய கைப்பிடியும் மறுமுனையில் பருத்த அடிப்பாகமும் கொண்ட இக்கருவி, தோற்றத்தில் வீமன், அனுமன் ஆகியோரின் சிற்பங்களில் காணப்படும் கதாயுதத்தை நினைவூட்டுவது. மற்போர், சிலம்பம் முதலியவற்றைப் பயில்வோர் தோள், முன்கை, முதுகு ஆகியவற்றை வலுப்படுத்த இதனைப் பயன்படுத்துவர். கரலாக்கட்டை எனவும் இது எழுதப்படுவதுண்டு. இதையொத்த கருவிகள் வட இந்தியாவில் முக்தர், ஜோரி என்றும், ஈரானில் மீல் என்றும் அழைக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் இதன் பெயர் இந்தியன் கிளப் என்பதாகும்.

அமைப்பு

நன்கு உலர்ந்த கடினமான மரத்துண்டைக் கடைசல் பிடித்துக் கர்லாக்கட்டை செய்யப்படுகிறது. கைப்பிடியும் அடிப்பாகமும் ஒரே மரத்துண்டால் ஆனவை. கைப்பிடியின் நுனியில் உள்ள குமிழ், சுழற்றும்போது கட்டை கையிலிருந்து நழுவாமல் தடுக்கிறது. ஈரம் காயாத மரத்தில் செய்த கட்டையில் நாளடைவில் வெடிப்பு ஏற்படக்கூடும்.

ஒரு கிலோகிராமுக்கும் குறைவான சிறு கட்டைகள் முதல் பத்துக் கிலோகிராமைத் தாண்டும் பெரிய கட்டைகள் வரை பல அளவுகளில் இவை உள்ளன. சிறியவை பெரும்பாலும் இணையாக, கைக்கு ஒன்றாகப் பயன்படுத்தப்படுகின்றன. பெரியவற்றை இரு கைகளாலும் சேர்த்துப் பிடித்துச் சுழற்றுவதும் உண்டு.

செயற்படும் விதம்

டம்பெல்லில் எடை கைப்பிடியின் இருபுறமும் சமமாகப் பகிர்ந்திருப்பதால், அதன் நிறைமையம் கைக்குள்ளேயே அமைகிறது. கர்லாக்கட்டையின் நிறைமையமோ கைக்கு வெளியே, தொலைவில் உள்ளது. இதுவே இரண்டுக்கும் இடையேயான முதன்மையான வேறுபாடு ஆகும்.

எடுத்துக்காட்டாக, 4 கிலோகிராம் நிறையுள்ள கட்டையின் நிறைமையம், பிடிக்கும் இடத்திலிருந்து 40 செண்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். அதனைக் கிடைமட்டமாக நீட்டிப் பிடித்தால் பிடிக்கும் இடத்தில் ஏறத்தாழ 15.7 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உண்டாகும். அதே நிறையுள்ள டம்பெல்லைப் பிடிக்கும்போது அவ்விடத்தில் இவ்விசை ஏறத்தாழ சுழியாகும்.

கை ஓரிடத்தில் நிற்க, அக்கட்டை நொடிக்கு ஒரு சுற்று வீதம் செங்குத்தாகச் சுழல்வதாகக் கொண்டால், அதற்குத் தேவையான மையநோக்கு விசை ஏறத்தாழ 63 நியூட்டன் ஆகும். கட்டை கீழே வரும் கணத்தில் அதன் எடையான 39 நியூட்டனும் இதனுடன் சேர்கிறது. ஆகவே 4 கிலோகிராம் கட்டை அக்கணத்தில் கையை 10 கிலோகிராமுக்கும் சற்று மிகுந்த எடையைப் போல இழுக்கும். வேகம் இரு மடங்கானால் மையநோக்கு விசை நான்கு மடங்காகும். எனவே ஒரே கட்டையைக் கொண்டு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், கைப்பிடியைத் தள்ளிப் பிடித்தும் நெருக்கிப் பிடித்தும் பயிற்சியின் கடுமையை மாற்றிக்கொள்ள இயலும். கட்டையின் எடையை மட்டும் பார்த்து இது எளிது என எண்ணுவது தவறு என்பதும் இதனால் விளங்கும்.

வரலாறு

கட்டை சுழற்றும் பயிற்சி இந்தியாவிலும் ஈரானிலும் மற்போர் வீரர்களின் பயிற்சியோடு இணைந்து வளர்ந்தது. மீல் சுழற்றுதலை உள்ளடக்கிய ஈரானின் சூர்கானே பயிற்சி முறையை யுனெசுகோ 2010 ஆம் ஆண்டில் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானியப் படையினர் வழியாக இப்பயிற்சி 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை அடைந்தது. டொனால்ட் வாக்கர் 1834 இல் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில் இதனை விளக்கினார். ஐக்கிய அமெரிக்காவில் சிம் கீகோ இக்கட்டைகளைப் பரப்பியதுடன், 1866 இல் இதற்கெனத் தனி நூலும் வெளியிட்டார். அங்கு கட்டைகளின் எடை குறைக்கப்பட்டு, பலர் ஒரே நேரத்தில் செய்யும் அணிப் பயிற்சியாக இது மாறியது.

1904 ஆம் ஆண்டு செயின்ட் லூயிசு ஒலிம்பிக்கிலும், 1932 ஆம் ஆண்டு லாசு ஏஞ்சலசு ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுதல் போட்டியாக நடைபெற்றது. முன்னதில் எட்வர்ட் என்னிக்கும் பின்னதில் ஜார்ஜ் ரோத்தும் தங்கம் வென்றனர். இருவரும் அமெரிக்கர்கள். இன்று பெண்களுக்கான சீரிசைச் சீருடற்பயிற்சியில் கட்டை ஒரு கருவியாக உள்ளது.

தமிழகத்தில்

தண்டால், பஸ்கி ஆகியவற்றுடன் கர்லாக்கட்டை சுற்றுதலும் பயில்வான்களின் அன்றாடப் பயிற்சியாக இருந்தது. தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்குதல் இளைஞர்களின் வலுவை அளக்கும் வழக்கமாக விளங்கியது. இளவட்டக்கல் ஒரு முறை தூக்கிக் காட்டும் சோதனை. கர்லாக்கட்டையோ நாள்தோறும் செய்யும் பயிற்சி.

1905 இல் ஐரோப்பியப் பலவான் யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அக்காலம் முதல் டம்பெல் பயிற்சி இங்கும் பரவியது. பேச்சு வழக்கில் இது தம்பிள்ஸ் என்றானது. ஹாரி குரோ பக் 1920 இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்விப் பாடங்களில் டம்பெல், லெசிம் ஆகியவற்றுடன் கட்டைப் பயிற்சியும் எளிய கருவிப் பயிற்சிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. இவ்வாறு இந்நாட்டின் கருவி ஆங்கிலப் பெயருடன் பள்ளிக்குத் திரும்பி வந்தது. இரும்பு எடைகள் கொண்ட உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகியபின் இதன் பயன்பாடு குறைந்தது. எனினும் சிலம்பக் கூடங்கள் சிலவற்றில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

எடைப் பயிற்சி ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணமும் மாறி வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த எல். அனுராதா, 2019 ஆம் ஆண்டு சமோவாவில் நடைபெற்ற பொதுநலவாயப் பளுதூக்கும் போட்டியில் 87 கிலோகிராம் பிரிவில் தங்கம் வென்றார்.

வீட்டில் பயிற்சி செய்யும் முறை

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. ஒரு சோடிக் கட்டைகளும் சிறிது இடமும் இருந்தால் மேல்உடலுக்கான பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். அடிப்படைச் சுற்று பின்வருமாறு:

1. கால்களைத் தோளகலத்திற்கு விரித்து, முதுகை நிமிர்த்தி நிற்க வேண்டும்.
2. கட்டையை மார்புக்கு முன்னே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். முழங்கை உடலை ஒட்டியிருக்க வேண்டும்.
3. கையை உயர்த்தி, கட்டையைத் தோளுக்கு மேலாகப் பின்புறம் இறக்க வேண்டும். அது ஊசலைப் போல முதுகுக்குப் பின்னே ஆடி வரும்.
4. ஆடி வரும் வேகத்தைப் பயன்படுத்தி மறுதோளின் பக்கமாக முன்னே கொண்டுவந்து தொடக்க நிலையில் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு கைக்கும் பத்துச் சுற்றுகளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். கட்டை முன்னே வந்து அசையாமல் நிற்பதே சரியான கட்டுப்பாட்டின் அடையாளம். அவ்வாறு நிறுத்த இயலாவிடில் எடை மிகுதி என்று கொண்டு, சிறிய கட்டைக்கு மாற வேண்டும். கால் தசைகளுக்கு இப்பயிற்சி போதாது. அதற்குப் பஸ்கி முதலியவற்றைச் சேர்த்துச் செய்வது நலம். டம்பெல் வைத்திருப்போர் அதனைக் கர்லாக்கட்டையைப் போலச் சுழற்றலாகாது. மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சிகளுக்கே அதன் பிடி ஏற்றது.

பாதுகாப்பு

மின்விசிறி, விளக்கு, தாழ்ந்த கூரை ஆகியவற்றுக்குக் கீழே பயிற்சி செய்யலாகாது. குழந்தைகள் அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வியர்வையால் பிடி வழுக்கும் என்பதால் கைகளை அவ்வப்போது துடைக்க வேண்டும். வெடிப்பு விழுந்த கட்டையைப் பயன்படுத்தலாகாது. மூச்சை அடக்காமல் இயல்பாக விட வேண்டும். தோள்பட்டையில் கூர்மையான வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். தோள் மூட்டு விலகியவர்கள், இதய நோய், உயர் குருதி அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே தொடங்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

இளவட்டக்கல்
சிலம்பம்
மற்போர்
பளுதூக்குதல்