பாலமா, தாம்போதியா?

யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து பஸ்ஸில் தீவகம் போகிறவர் "பண்ணைப் பாலத்தாலை வந்தனான்" என்பார். உண்மையில் அவர் பாலத்தில் போனது கொஞ்ச நேரந்தான். மிச்சமெல்லாம் பரவைக் கடலில் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய தெரு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனிச் சொல் உண்டு. நீரோட்டத்துக்கு வழிவிட்டு மேலே நிற்பது பிரிட்ஜ். நீரை நிரவி அதன்மேல் போடும் வழி கோஸ்வே.

தமிழுக்கும் இங்கே பஞ்சமில்லை: முன்னது பாலம், பின்னது தாம்போதி. வேலணையையும் புங்குடுதீவையும் இணைப்பது வாணர் தாம்போதி. அந்த வழிக்காக முன்னின்ற வாணர் சகோதரர்களின் பெயர் அது. ஆளுநர் பெயரோ அமைச்சர் பெயரோ ஒட்டாமல் போனது ஊரின் நல்லகாலம். ஆனாலும் பேச்சில் அதுவும் "வாணர் பாலம்" ஆகிவிடுகிறது.

ஊர்ச்சனம் கலந்து பேசினால் குற்றமில்லை; கடலுக்கு அது வேறு கணக்கு. தாம்போதியில் நீர் போக இருப்பவை சில மதகுகள் மட்டுமே. ஓட்டம் குறைந்தால் சேறு படியும்; வற்றுப்பெருக்கோடு வரும் றாலை நம்பிக் களங்கட்டி வலை போடுகிறவர்களுக்கு இது சொற்பொருள் விவாதமல்ல, வயிற்றுப்பாடு. ஆனையிறவிலோ கதை தலைகீழ். உவர்நீரைத் தடுத்து உட்பரவையை நன்னீராக்குவதே பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம். அங்கே அடைப்பதுதான் நோக்கம்.

போரும் இந்த வழிகளை நன்கு அறிந்திருந்தது. 1990களில் தீவகம் இராணுவத்தின் பக்கமும் யாழ்ப்பாண நகரம் புலிகளின் பக்கமும் ஆனபோது, பண்ணை வழி அடைபட்டது. இருபுறமும் கடல் உள்ள ஒடுங்கிய தெருவை மூட அதிக ஆள் தேவையில்லை.

போருக்குப் பிறகு வந்த வழியிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தைப் பூநகரியோடு இணைக்க 2011 ஜனவரி 16இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர் நீளம். பெயர் பாலம்தான், இருபக்கமும் அதைக் கரையோடு சேர்ப்பது தாம்போதி.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இரண்டுமே இல்லை. குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் மிதவைக்குச் சனம் வைத்த பெயர் 'பாதை'. அது பழுதானால், எதிரே தெரியும் கரைக்குப் போகப் பொன்னாலை, யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை என்று முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும்.