சுவருக்குள் ஒரு பெயர்

உழைத்தவரின் பெயரை மறைப்பது எளிது; என்றும் மறைத்து வைப்பது எளிதன்று. வீடியோ விளையாட்டுகளின் வரலாறு இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகிறது.

1970களின் இறுதியில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை. விற்பனையில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. அங்குப் பணியாற்றிய வாரன் ராபினெட் 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டைத் தனியொருவராய் உருவாக்கினார். அது முழுவதும் அடங்கியது 4,096 பைட்டு நினைவகத்தில். அதற்குள்ளும், எவரிடமும் சொல்லாமல், இரகசிய அறை ஒன்றை அமைத்தார். பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே கலந்திருக்கும் சிறு புள்ளியைக் கண்டெடுத்து உரிய இடம் சேர்த்தால், சுவரைக் கடந்து செல்லலாம். உள்ளே, 'உருவாக்கியவர் வாரன் ராபினெட்' என்னும் பொருள்படும் ஆங்கில எழுத்துகள் ஒளிரும்.

1979இல் அவர் பணியை விட்டு விலகினார். 1980இல் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அவ்வறையைக் கண்டுபிடித்து நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினான். நினைவகச் சில்லை மாற்றப் பெருஞ்செலவாகும் என்பதால் அறை அப்படியே விடப்பட்டது. உயிர்ப்புப் பெருவிழாவன்று சிறுவர் தேடி மகிழும் முட்டைகளை நினைவூட்டியதால், இத்தகைய மறைபொருளுக்கு 'ஈஸ்டர் முட்டை' என்னும் பெயர் நிலைத்தது. அப்பெயரைத் தந்தவர் அந்நிறுவனத்தின் அதிகாரி ஸ்டீவ் ரைட்.

இதனைத் தற்பெருமை என்று நாம் ஒதுக்கிவிடலாமா? கூலி பெற்றபின்னும் உழைப்பாளிக்கு ஒரு கடன் பாக்கியுண்டு: 'இது உன் கைவேலை' என்னும் ஒப்புதல். நிறுவனம் தர மறுத்த அதனை ஒரு சிறுவனின் தேடல் தந்தது. நம் இல்லங்களில் பெயரறியாக் கைகள் ஆக்கிய பொருள்கள் எத்தனை! அவற்றுள் ஒன்றையேனும் ஆக்கியவர் யாரென நாம் கேட்டதுண்டா?