ராணி 'பிக்மி'னு கூப்பிட்ட மந்திரி

போன வாரம் ஓபியில ஒரு அம்மா. 12 வயசு மகளுக்கு முதுகு ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு. "கைக்குழந்தையில நான் சரியா தூக்கலன்னு மாமியார் சொல்றாங்க டாக்டர்"னு அழுதாங்க. எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்துட்டு, "உங்க மேல தப்பே இல்லம்மா"ன்னேன்.

400 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துலயும் இதே பேச்சுதான். ராபர்ட் செசில், 1563ல பிறந்தவர். குள்ளம், வளைந்த முதுகு. தாதி கைதவறிக் கீழே போட்டதுதான் காரணம்னு ஊர் சொல்லுச்சு. அவரைப் பற்றிய வர்ணனை எனக்கு ஸ்கோலியோசிஸ் மாதிரி தெரியுது. அது பெரும்பாலும் காரணமே பிடிபடாம வர்றது.

அப்பா வில்லியம் செசில், முதலாம் எலிசபெத் ராணிக்கு 40 வருஷம் வலது கை. மகனையும் அதே வேலைக்குப் பழக்கினார். ராணி வெச்ச பட்டப்பேர் 'பிக்மி'. வெச்சது ராணிங்கறதால மட்டும் பொறுத்துக்கறேன்னு ராபர்ட் அப்பாவுக்கு எழுதினார்.

1596ல ராணியின் செயலாளர் ஆனார். பரம எதிரி எசெக்ஸ் பிரபு: உயரம், அழகு, போர் வீரர், ராணியின் செல்லம். 1601ல அவர் கலகம் பண்ணி மாட்டினார். விசாரணையில, "ஸ்பெயின் இளவரசிக்குத்தான் அரியணை உரிமைன்னு செசிலே சொன்னார்"னு போட்டார் ஒரு குண்டு. நிரூபணமானா செசில் தலை தப்பாது.

திரைக்குப் பின்னாடி இருந்து வெளிய வந்தார் செசில். அறிவு, குலம், வாள் எல்லாத்துலயும் நீங்கதான் மேல, உண்மை மட்டும் என் பக்கம்னார். சாட்சியா எசெக்ஸோட சொந்த மாமாவையே வரவழைச்சாங்க. அவர் சொன்னதுல குற்றச்சாட்டு உடைஞ்சுது. எசெக்ஸுக்கு மரண தண்டனை.

ராணிக்கு வாரிசு இல்ல. ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸோட ரகசியக் கடிதத் தொடர்பு வெச்சிருந்தார் செசில். 1603 மார்ச் 24ல ராணி இறந்த அன்னைக்கே புது மன்னர் அறிவிப்பு. ஒரு கத்திகூட உருவப்படல. அவரோட சாதனையில இதைத்தான் நான் முதல்ல வைப்பேன்.

புது மன்னர் வெச்ச பேர் என்ன தெரியுமா? 'குட்டி பீகிள்'. ஆமாங்க, வேட்டை நாய். கூடவே சாலிஸ்பரி பிரபு பட்டம், கஜானா பொறுப்பு.

சொக்கத் தங்கம்னு சொல்லலைங்க. ஸ்பெயின்கிட்ட ரகசியமா வருஷப் பணம் வாங்கினவர்தான்.

1612 மே மாசம், பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுல வைத்தியம் பார்த்துட்டுத் திரும்பும்போது வழியிலேயே இறந்தார். வயசு 48. அதே வருஷம் அவரோட சித்தி பையன், தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன், உடல் ஊனமுள்ளவங்க மனசைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். யாரைச் சொல்றார்னு லண்டன்ல யாருக்கும் விளக்க வேண்டி வரல.