தொடர்சுமை

‘சும’ என்ற வினையடியில் பிறந்தது சுமை; சும்மாடும் அதன் உறவு. வயரிங்காரர் சொல்லும் ‘லோடு’ ஆங்கிலத்தில் முதலில் வழியையும் பயணத்தையும் குறித்தது. பாரம் என்ற பொருள் பின்னால் ஏறியது. தாங்குவதையே சொல்லும் தமிழ்ச்சொல்தான் மின்கணக்குக்குப் பொருத்தம். தாங்குவதில் நேரமும் உண்டல்லவா? 3 மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் உச்ச மின்னோட்டத்தைத் தொடர்சுமை என்று வரையறுக்கும் அமெரிக்க விதி, அதை 125 சதவீதமாகக் கணக்கிடச் சொல்கிறது. ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைக் கடையொன்றில் மாலை முழுக்க எரியும் விளக்குகள் 12 ஆம்பியர் இழுத்தால் கணக்கு 15. சற்றே ஓடி நிற்கும் மிக்சிக்கு இது பொருந்தாது. ‘16 ஆம்பியர் எம்சிபி (மின்துண்டிப்பான்) எந்நேரமும் 16-ஐத் தாங்குமே’ என்பார்கள். தாங்கும், 30 டிகிரி வெப்பத்தில். மே மாதத் திருவண்ணாமலையில், மூடிய பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்கும் எம்சிபிக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்க விதி இங்கே சட்டமில்லை, ஆனாலும் அதே 125 சதவீதக் கணக்கில் வரும் 12.8 ஆம்பியரோடு தொடர்சுமையை நிறுத்துவதே சரி.