நள்ளிரவு வரை செல்போன்: பெரியவர்களின் மனநலத்தை இணையம் எப்படி பாதிக்கிறது?

தேவகோட்டை போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பல வீடுகளுக்கு செல்போன் வெறும் பொழுதுபோக்கு அல்ல. பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று இருக்க, ஊரில் இருப்பவர்களுக்கு வீடியோ கால்தான் ஆறுதல். துபாயில் இரவு 10 மணிக்கு வேலை முடித்து மகன் கூப்பிட்டால், இங்கே மணி 11.30. பேசி முடித்ததும் போன் கீழே போவதில்லை. 'சும்மா ரெண்டு ரீல்ஸ்' என்று ஆரம்பித்தால் மணி 1 ஆகிவிடும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

இது நோயா?

'இணைய அடிமைத்தனம்' என்ற தனி நோயை உலக சுகாதார அமைப்பு பட்டியலிடவில்லை. ஆனால், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' உள்ளது. அதன் அறிகுறிகள் மூன்று:

* விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது
* மற்ற வேலைகளை விட அதற்கே முன்னுரிமை தருவது
* பாதிப்பு வந்த பிறகும் நிறுத்தாமல் தொடர்வது

பொதுவாக 12 மாதங்கள் இப்படி நீடித்தால்தான் கோளாறு என்பார்கள். கவனியுங்கள், இதில் 'தினமும் இத்தனை மணி நேரம்' என்ற கணக்கே இல்லை. ரீல்ஸ், ஷாப்பிங் பழக்கத்தையும் இதே மூன்று கேள்விகளை வைத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

மனதை எப்படி பாதிக்கிறது?

முதலில் அடிபடுவது தூக்கம். அது குறைந்தால் எரிச்சல், பதற்றம், மறதி வரும். அடுத்தது ஒப்பீடு. மற்றவர்களின் புது வீடு, கார், சுற்றுலாப் படங்களைப் பார்த்துப் பார்த்து, 'நமக்கு ஒண்ணும் அமையலையே' என்ற ஏக்கம் சேரும்.

தலைகீழாகவும் நடக்கும். தனிமையோ மனச்சோர்வோ உள்ளவர்கள் அதை மறக்கவே போனை அதிகம் நாடுகிறார்கள். அவர்களிடம் போனைப் பிடுங்கினால் மட்டும் பிரச்சனை தீராது. பேச்சுத் துணையும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

* கால் முடிந்ததும் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள்.
* அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வையுங்கள்.
* விடுமுறை நாட்களில் பகலிலேயே பேசச் சொல்லி பிள்ளைகளிடம் கேளுங்கள்.

உதவி எங்கே?

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' என்ற சிறப்பு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.