கிணறும் எரிமலையும்

‘பிரியாட்டோமேக்மாட்டிக்’ என்ற சொல்லைப் பாடநூலில் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். அப்படிப் புரட்டிய மாணவர் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

கிரேக்க மொழியில் ‘பிரியார்’ என்றால் கிணறு. ‘மேக்மா’ என்றால் பிசைந்தெடுத்த குழைவான பொருள். மாவு பிசைவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. கிணற்றடியும் அடுக்களையும் கூடி ஓர் எரிமலைச் சொல்லை ஈன்றிருக்கின்றன! கிணற்றுச் சொல்லை நிலத்தடி நீருக்கு உரியதாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் தோப்ரே; அவரது நூல் 1887-இல் வெளிவந்தது.

ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பமுள்ள பாறைக்குழம்பு நீரைத் தொட்டால் என்ன ஆகும்? நீர் ஆவியாகி, சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,700 மடங்கு விரியும். அந்த வேகத்தில் குழம்பு சிதறிப் பொடிச் சாம்பலாகும். ஐஸ்லாந்தின் தென்கடலில் 1963 நவம்பரில் சுர்ட்சே தீவு இவ்வாறே பிறந்தது. அங்கே கிணற்றின் வேலையைக் கடல் செய்தது. 1964 ஏப்ரலில் கடல்நீர் வாய்க்குள் புகாதவாறு கரை எழும்பியதும், வெடிப்பு ஓய்ந்து குழம்பு அமைதியாக வழிந்தோடிற்று.

சில வேளைகளில் குழம்பு ஆழத்திலேயே தங்கிவிடும். அதன் வெப்பம் மட்டும் நிலத்தடி நீரை எட்டும். அப்போது எழும் ஆவி பழைய பாறையைத்தான் உடைத்து வீசும். அதற்குப் பெயர் வெறும் ‘பிரியாட்டிக்’. சொல்லிலும் மேக்மா இல்லை, சாம்பலிலும் இல்லை.

இவ்வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. கரிபியக் கடலில் பிரான்சுக்கு உரிய குவாதலூப் தீவில், லா சூஃப்ரியேர் எரிமலை 1976 ஜூலையில் புகையும் சாம்பலும் கக்கியது. சாம்பலில் புதுக்குழம்பு உறைந்த கண்ணாடித் துகள் இருப்பதாக அறிஞர் சிலர் கூறினர். குழம்பு மேலேறுகிறது என்பது அதன் பொருள். ஆகஸ்டில் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். எரிமலை அறிஞர் ஹாரூன் தாசியேஃப் இதை மறுத்தார். இது வெறும் ஆவி வெடிப்பே என்றார். பின்னர் ஆராய்ந்தபோது அத்துகள்கள் பழம்பாறையின் சிதைவே எனத் தெரிந்தது. பெருவெடிப்பு நிகழவில்லை. மக்களோ மாதக்கணக்கில் அயலிடங்களில் அல்லலுற்றனர்.

வெளியேற்றியவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அதே தீவுத்தொடரில் உள்ள மார்த்தினிக்கில், 1902 மே 8-இல் பெலே எரிமலை செம்பியேர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தது. மாண்டவர் ஏறத்தாழ 28,000 பேர். அந்நகரத்தார் வெளியேற்றப்படவில்லை.