கட்டளைவரி மின்னஞ்சலின் வரலாறு

கட்டளைவரி மின்னஞ்சல் என்பது கணினி முனையத்தில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து, அதன் வழியே மடல் அனுப்பும் முறையாகும். மின்னஞ்சல் பிறந்ததே இந்த வடிவில்தான். சாளரங்களும் உலாவிகளும் பின்னர் வந்தவை. பிறருடைய அஞ்சல் பெட்டியில் எழுத யாருக்கு உரிமை உண்டு, அனுப்புநர் உண்மையானவர்தானா என்னும் இரு கேள்விகள் இதன் வரலாறு முழுவதும் தொடர்கின்றன.

தோற்றம்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'சிடிஎஸ்எஸ்' என்னும் நேரப்பகிர்வு இயங்குதளம் உருவானது. பலர் ஒரே கணினியைத் தனித்தனி முனையங்களிலிருந்து பயன்படுத்தினர். ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி சொல்ல விரும்பினால், பெறுநரின் பெயரைத் தலைப்பாக இட்ட ஒரு கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்துவிடுவார். அதை எவரும் படிக்கலாம்.

லூயி பூசான், கிளெண்டா ஷ்ரோடர், பாட் கிரிஸ்மன் ஆகியோர் இதற்கென 'மெயில்' என்ற கட்டளையை ஒரு பணிக்குறிப்பில் முன்மொழிந்தனர். காப்பு நாடாவிலிருந்து கோப்பு மீட்கப்பட்டதைப் பயனருக்குத் தெரிவிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1965இல் டாம் வான் விளெக், நோயல் மோரிஸ் இருவரும் அதை நிரலாக்கினர். ஒருவரின் கோப்புறையில் மற்றவர் எழுத முடியாது என்பது அக்கணினியின் விதி. 'மெயில்' கட்டளைக்கு மட்டும் அதற்குச் சிறப்புரிமை தரப்பட்டது. செய்தி, பெறுநரின் கோப்புறையிலிருந்த அஞ்சல் பெட்டிக் கோப்பில் சேர்ந்தது.

உரிமை இருந்தால் தவறான பயன்பாடும் வரும். 1971 அளவில் நிருவாகப் பொறுப்பிலிருந்த ஒருவர் தம் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, போர் எதிர்ப்புச் செய்தி ஒன்றைப் பயனர்கள் அனைவருக்கும் அனுப்பினார். கேட்காமல் வரும் மொத்த மடலுக்கு இது மிக முந்தைய எடுத்துக்காட்டு.

கணினிவிட்டுக் கணினி

அதுவரை மடல் ஒரே கணினிக்குள் மட்டுமே சென்றது. 1971இல் பிபிஎன் நிறுவனப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரே கணினிக்குள் மடல் எழுதும் 'செண்ட்மெசேஜ்' நிரலையும், வலையமைப்பு வழியே கோப்பை நகர்த்தும் மற்றொரு நிரலையும் இணைத்தார். முதல் சோதனை மடல் அர்ப்பாநெட் வழியாகச் சென்றது. அனுப்பிய கணினியும் பெற்ற கணினியும் ஒரே அறையில் அருகருகே இருந்தன.

பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் @ குறியைத் தேர்ந்தார். பெயர்களில் அக்குறி வருவதில்லை என்பதே காரணம். ஆனால் மல்ட்டிக்ஸ் இயங்குதளத்தில் @ தட்டினால் அதுவரை தட்டிய வரி முழுவதும் அழிந்துவிடும். ஆகவே அப்பயனர்களுக்குப் புதிய முகவரி முறை தொல்லையாக இருந்தது.

யூனிக்ஸ் காலம்

1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் முதற்பதிப்புக் கையேட்டிலேயே 'மெயில்' கட்டளை இடம்பெற்றது. 1978இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கர்ட் ஷோயென்ஸ் இன்னும் விரிவான ஒரு மெயில் நிரலை எழுதினார். பின்வந்த 'மெயில்எக்ஸ்' இந்த மரபைச் சேர்ந்தது.

இந்நிரல்கள் மடலை எழுதவும் படிக்கவும் உதவின. சுமந்து செல்லும் வேலை வேறொரு நிரலுக்குப் போனது. பெர்க்லியில் ஒரு கணினிக்கு மட்டுமே அர்ப்பாநெட் இணைப்பு இருந்ததால், பலரும் அதில் கணக்குக் கேட்டனர். எல்லோருக்கும் கணக்குத் தருவதைவிட மடலை அவரவர் கணினிக்கே திருப்பிவிடுவது எளிது என எரிக் ஆல்மன் கருதினார். அவ்வாறு எழுந்த 'டெலிவர்மெயில்' நிரலே பின்னர் 'சென்ட்மெயில்' ஆக வளர்ந்தது.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறை வெளியானது. இதில் மடல் எளிய எழுத்துவரிகளாகவே செல்கிறது. தனி வரியில் ஒரு முற்றுப்புள்ளி வந்தால் மடல் முடிந்தது என்று பொருள். எனவே முனையத்தில் அமர்ந்து ஒருவர் கையாலேயே இந்த உரையாடலை நடத்தலாம். ஆனால் அனுப்புநராக எந்த முகவரியைத் தட்டினாலும் வழங்கி அதை நம்பியது. ஒருவரையொருவர் அறிந்த சிறு வலையமைப்புக்கு இது போதுமானதாக இருந்தது.

நம்பிக்கை உடைதல்

1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்னும் பட்டமேற்படிப்பு மாணவர் ஏவிய புழுநிரல் இணையத்தில் பரவியது. அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று சென்ட்மெயிலின் பிழைத்திருத்த வசதி. அவ்வசதி திறந்திருந்த கணினிகளில், பெறுநர் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் கட்டளையையே கொடுத்து இயக்க முடிந்தது. பெட்டியில் மடல் இடும் உரிமை, இங்கே கணினியையே இயக்கும் உரிமையாக மாறிவிட்டது.

இதன்பின் பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட கியூமெயில், போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற நிரல்கள் எழுந்தன. 1999இல் எஸ்எம்டிபியில் பயனர் அடையாளச் சரிபார்ப்பு வரையறுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் அனுப்பும் களப்பெயரைச் சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகிம் முறைகள் வந்தன.

இன்றைய நிலை

வீட்டுக் கணினியிலிருந்து நேரடியாக அனுப்பும் மடலைப் பெரிய அஞ்சல் சேவைகள் இன்று பெரும்பாலும் ஏற்பதில்லை. கட்டளை வழியே எழுதினாலும், கடவுச்சொல் கேட்கும் ஒரு வழங்கியின் மூலமாகவே அனுப்பவேண்டியுள்ளது.

எனினும் கட்டளை மறையவில்லை. குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் 'கிரான்', அவற்றின் வெளியீட்டை உரிய பயனருக்கு மடலாக அனுப்புகிறது. காப்புநகல் எடுப்பது தவறினாலோ வட்டில் இடம் தீர்ந்தாலோ, வழங்கி தன் நிருவாகிக்கு இவ்வாறே தெரிவிக்கும்படி அமைக்கலாம். கோப்பு மீட்கப்பட்டதைப் பயனருக்குச் சொல்ல முன்மொழியப்பட்ட கட்டளை, இன்றும் அதுபோன்ற பணியையே செய்துவருகிறது.